மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயிலை மீண்டும் விடுங்கள்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரயில்வே உயர் அதிகாரிகளுக்கும் எங்கள் பகுதி மக்கள் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926இல். அந்தத் தடத்துக்கு இது நூற்றாண்டு. விழா எடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே மீண்டும் ரயில் விடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இந்தக் கோரிக்கையின் பின்னணி உங்களுக்குத் தெரியும். மனுக்கள் உங்கள் அலுவலகங்களில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றை மட்டும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி வாணிபம் செய்த துறைமுகம் இது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறிய ஊர். 1845இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பக்கத்து ஊருக்கு ரயில் போனதால் பிழைப்பை இழந்த ஊர் எங்களுடையது. அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்த ரயிலையும் 1986இல் நிறுத்திவிட்டீர்கள்.

மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று சுமார் 30 கிலோமீட்டர். இதில் திருக்கடையூரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் எங்கெங்கிருந்தோ தம்பதிகள் வரும் தலம். வருகிறவர்களின் வயதை யாரும் விளக்கத் தேவையில்லை. சென்னையிலிருந்து மயிலாடுதுறை வரை ரயிலில் சிரமமில்லாமல் வந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் பாடு. காசு உள்ளவர்கள் கார் பிடிக்கிறார்கள், மற்றவர்களுக்கு பஸ். அண்மையில் திருக்கடையூர் நிறுத்தத்தில், சதாபிஷேகம் முடிந்து திரும்பும் ஒரு பெரியவரைப் பார்த்தேன். பஸ் படி உயரம், கால் எழும்பவில்லை. பேரன் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துத் தூக்குகிறான், கண்டக்டர் மேலிருந்து கையைப் பிடித்து இழுக்கிறார். அந்த இழுபறியில் கழுத்து மாலை கைப்பிடிக் கம்பியில் மாட்டி அறுந்தது. சம்பங்கியும் ரோஜாவும் படியெல்லாம் சிதறின. அந்த அம்மாள் பட்டுப் புடவையோடு குனிந்து பூக்களைப் பொறுக்கப் போனார். "நேரமாகிறது, ஏறுங்கம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. பஸ்ஸில் அவ்வளவு நெரிசல். ஒரு காலத்தில் இதே ஊரில் பிளாட்பாரம் இருந்தது, டிக்கெட் கொடுத்தார்கள், ரயில் நின்று ஏற்றிக்கொண்டு போனது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களும், புத்தகப் பையோடு தொங்கிக்கொண்டு போகும் மாணவர்களும் அன்றாடம் உங்கள் கண்ணிலேயே படுகிறார்கள்.

நட்டம் என்றுதான் அன்று காரணம் சொல்லப்பட்டது. 1986இன் கணக்கை வைத்து இன்றைக்கும் பேசலாமா? மயிலாடுதுறை இப்போது தனி மாவட்டம். ஆட்சியர் அலுவலகம் இருப்பதே பழைய தடம் போன மன்னம்பந்தலில்தான். அங்கேயும் கல்லூரி, பொறையாரிலும் கல்லூரி. வேதாரண்யம் பக்கத்து அகத்தியம்பள்ளிக்கு 2023இல் மீண்டும் ரயில் வந்தது. பேரளம் – காரைக்கால் தடமும் 1980களில் மூடப்பட்டதுதான். அங்கே புதிதாகத் தண்டவாளம் போட்டாயிற்று. அவர்களுக்குக் கிடைத்ததில் எங்களுக்கு மகிழ்ச்சியே. அவர்களுக்குப் பொருந்திய நியாயம் எங்களுக்கு ஏன் பொருந்தவில்லை என்பதற்கு ஒரு பதில் வேண்டும்.

பெருநகரங்களுக்கு இடையே ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்த எத்தனை கோடி வேண்டுமானாலும் செலவிடலாம். கடலோரச் சிற்றூருக்குக் கிளைத் தடம் என்றால் மட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வருமானக் கணக்கு கேட்கிறீர்கள். சாலை போடும்போது அது லாபம் தருமா என்று யாரும் கேட்பதில்லை. தேர்தல் வந்தால் எல்லோருக்கும் தரங்கம்பாடி ரயில் ஞாபகம் வருகிறது. வாக்கு எண்ணி முடித்ததும் மறந்துபோகிறது. முப்பது வயதான எங்கள் பிள்ளைகள் இந்தத் தடத்தில் ரயிலைப் பார்த்ததே இல்லை. கோபம் வார்த்தையில் ஏறிவிடுகிறது, பொறுத்தருள வேண்டும்.

பணிவோடு மீண்டும் கேட்கிறோம். மயிலாடுதுறை – தரங்கம்பாடி தடத்தை அகலப் பாதையாக அமைத்து ரயில் விடுங்கள். வரும் மத்திய பட்ஜெட்டிலேயே அதற்கு நிதி ஒதுக்குங்கள். நிதி வந்து சேரும் வரை, பழைய தடத்தின் நிலத்தையும் நிலையங்கள் இருந்த இடங்களையும் அளந்து எல்லைக் கல் நட்டுக் காத்து வையுங்கள். நாள் போகப் போக ஆக்கிரமிப்புதான் கூடும், பிறகு நிலம் இல்லை என்பதே அடுத்த காரணமாகிவிடும். முடியாது என்றால் அதையாவது காரணத்தோடு எழுத்தில் தாருங்கள். பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தரங்கம்பாடி வட்டத்துக் குடிமக்களில் ஒருவர்