துப்பறிவாளரை அமர்த்தும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாப்பிள்ளைக்குப் பெங்களூருவில் வேலை என்றால், ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிப் பெற்றோர் சிலர் உறவினர் வழியாக விசாரிப்பதோடு நில்லாமல் தனியார் துப்பறியும் நிறுவனங்களையும் நாடுகிறார்கள். அந்தக் கவலை முற்றிலும் நியாயமானது. ஆனால், காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்களுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் கட்டாயமாக இருக்க, துப்பறிவோரை நெறிப்படுத்த 2007இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா சட்டமாகவே இல்லை.

படிப்பு, வேலை, முந்தைய திருமணம், நீதிமன்ற வழக்கு ஆகியவற்றை நேர்மையான துப்பறிவாளரால் பொது ஆவணங்களிலும் அக்கம்பக்கத்திலும் விசாரித்து அறிய முடியும். செல்பேசி அழைப்புப் பட்டியலையோ வங்கிக் கணக்கு விவரத்தையோ எடுத்துத் தருவதாகச் சொல்பவரிடமிருந்து உடனே விலகிவிட வேண்டும். அழைப்பு விவரங்களைச் சட்டவிரோதமாகப் பெற்று விற்ற புகாரில் 2018இல் மகாராஷ்டிரத்தின் தாணே நகரக் காவல்துறை துப்பறிவாளர் சிலரைக் கைது செய்தது. கட்டணம், பயணச் செலவு, கால அளவு, அறிக்கையின் வடிவம் அனைத்தையும் எழுத்தில் பெற்ற பிறகே முன்பணம் தர வேண்டும். குறை ஏதும் கிடைக்காவிட்டாலும் உழைப்புக்குரிய கட்டணம் உண்டு என்பதையும் ஏற்க வேண்டும்.

துப்பறிவோருக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்தை மத்திய அரசு விரைந்து கொண்டுவர வேண்டும் என நம் மாவட்ட மக்கள் பிரதிநிதிகள் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.