மாயாவியின் 14 பெட்டிகள்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

பழைய காமிக்ஸ் நண்பர்களுக்கு,

நம் மாயாவி காலமாகிவிட்டார். உங்களில் பலருக்குச் செய்தி ஏற்கெனவே எட்டியிருக்கும். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. வீட்டார் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். எழுதினாலும் நம்மில் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரிந்திருக்காது.

இத்தனை வருடப் பழக்கத்தில் அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை, குரலைக்கூடக் கேட்டதில்லை. நாம் பார்த்ததெல்லாம் ஒரு கட்டைவிரல். அவர் அனுப்பும் ஒவ்வொரு பக்கத்தின் இடது ஓரத்திலும், தாளைப் பதமாகப் பிடித்தபடி அது இருக்கும். விரல் விழாமல் எடுக்கக் கூடாதா என்று ஒருவர் கேட்டதற்கு, "கவிழ்த்துப் போட்டு அழுத்தினால் முதுகு உடைஞ்சிடும் சார், விரல் இருந்துட்டுப் போகட்டும்" என்று பதில் வந்தது. அன்றைக்கே யாரோ அவருக்கு மாயாவி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து கை மட்டும் தெரியும் காமிக்ஸ் நாயகர் இரும்புக்கை மாயாவியை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் தொடங்கி, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக நம்மிடம் வந்தவர். பெயர் நண்பருக்கும் பிடித்திருந்தது. அதற்கப்புறம் விரலைக் கொஞ்சம் தாராளமாகவே காட்டினார்.

அவர் நமக்குச் செய்தது என்ன? காணாமல்போன பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். நடுவில் பின் அடித்த புத்தகத்தில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளில்தான் இருக்கும். பின் துருப்பிடித்து அந்தத் தாள் கழன்றால், கதை எப்படி ஆரம்பித்தது என்பதும் போச்சு, எப்படி முடிந்தது என்பதும் போச்சு. அப்படி முடிவு தெரியாத கதைகளைச் சின்ன வயதிலிருந்து மனதில் சுமந்துகொண்டு அலைந்தவர்கள் நம்மில் நிறைய பேர். வில்லன் மாட்டினானா இல்லையா என்று நாற்பது வயதில் ஒருவர் கேட்பார். வெளியில் கேட்டால் சிரிப்பார்கள். இவர் சிரிக்காமல், இதழ் எண் என்ன, அட்டையில் என்ன படம் என்று விசாரிப்பார். ராத்திரிக்குள் அந்தப் பக்கம் வந்து சேரும், விரலோடு.

மூன்று மாதங்களுக்கு முன்பு எங்கள் குழுவில் ஒருவர் ஒரு பக்கம் கேட்டு எழுதினார். பதில் இல்லை. வழக்கமில்லாத வழக்கம் என்பதால் மறுபடியும் எழுதினார். சில வாரங்கள் கழித்து அவருடைய மகள் பதில் போட்டிருந்தார்: அப்பா போய்விட்டார், நீங்கள் கேட்ட புத்தகத்தை மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறார், நான் படம் எடுத்து அனுப்பட்டுமா? அனுப்பினார். மிகத் தெளிவான படம். ஓரத்தில் விரல் இல்லை.

அந்த மகள்தான் இப்போது பெட்டிகளை நம்மிடம் ஒப்படைக்க முன்வந்திருக்கிறார். மொத்தம் 14. 1964இல் தொடங்கி 1990இல் நின்றுபோன இந்திரஜால் காமிக்ஸ், முத்து காமிக்ஸ், ஒரே ஆண்டில், 1984இல், கிளம்பிய லயனும் ராணி காமிக்ஸும், கொஞ்சம் பிரிட்டிஷ் வார இதழ்கள். பணம் எதுவும் வேண்டாம் என்கிறார். பிரித்து விற்கக் கூடாது என்பது ஒன்றே அவருடைய நிபந்தனை. வீட்டைக் காலி செய்ய வேண்டியிருப்பதால் இரண்டு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

இதில் எங்களுக்குப் பெரிதாகத் தெரிவது அரிய இதழ்கள்கூட அல்ல, அவருடைய நோட்டுப் புத்தகம். எந்த இதழில் எந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் யாரிடம் இருக்கிறது, யாருக்கு அனுப்பியாயிற்று என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். இதழ்களை எப்படியாவது இன்னொரு இடத்தில் தேடிப் பிடித்துவிடலாம். இந்தக் கணக்கை இன்னொருவர் எழுத முடியாது.

பணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறோம். பழைய காமிக்ஸ் அச்சான தாள், மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்த மலிவுத் தாள். மர இழைகளைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் அதிலேயே தங்கிவிடுகிறது. காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பேறும், தாளில் அமிலம் கூடும், கடைசியில் தொட்டால் உதிரும். பி.வி.சி. உறையில் போட்டால் இன்னும் கேடு. உறை நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டு நாடாவோ பசை கசிந்து, ஆறாத பழுப்புக் கறையாக நின்றுவிடும். (நாடா ஒட்டிய பக்கத்தை யாராவது காட்டினால் மாயாவிக்கு வரும் கோபம் உங்களுக்கு நினைவிருக்கும். மனிதர் வேறெதற்கும் கோபப்பட்டதில்லை.)

ஆகவே நன்கொடையில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர் உறைகளுக்கும், அமிலமில்லாத அட்டைகளுக்கும் பெட்டிகளுக்கும் போகும். அடுத்து, புத்தகத்தைக் கவிழ்க்காமல் மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர் ஒன்று. மிச்சம், எடுத்த படங்களை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்து வைக்கவும், பெட்டிகளைக் கொண்டுவரும் வண்டிக்கும்.

ஸ்கேன் செய்த பிறகு தாள் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்கேன் மங்கலாக வந்திருப்பது பத்து வருடம் கழித்துத்தான் தெரியவரும். அப்போது திரும்பிப் போய்ப் பார்க்கத் தாள் வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம்: இவற்றை நாம் அச்சிடவோ, பொதுவில் முழுசாக வெளியிடவோ போவதில்லை. உரிமை பதிப்பகங்களுடையது. நம் வேலை காப்பாற்றி வைப்பதும், பக்கம் தொலைத்தவருக்கு அந்த ஒரு பக்கத்தைக் காட்டுவதும் மட்டும்.

ஆளுக்கு இவ்வளவு என்று நாங்கள் எதுவும் வைக்கவில்லை. முடிந்ததைக் கொடுங்கள். குழுவின் பொருளாளருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினால் வங்கி விவரம் தருவார். வரவு செலவை மாதம் ஒருமுறை எல்லோருக்கும் அனுப்புவோம். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது மட்டும் அதில் இருக்காது. பணம் தர முடியாதவர்கள் சங்கடப்பட வேண்டாம். நோட்டுப் புத்தகத்தைத் தட்டச்சு செய்யப் பொறுமையான நாலு பேர் தேவை. பென்சில் எழுத்து, பல இடங்களில் அழிந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. அந்த நோட்டில் ஒரே ஒரு வரிக்கு எதிரே அவர் தன் பெயரையே எழுதியிருக்கிறார், தேடுபவர் என்ற இடத்தில். 1964ஆம் ஆண்டு வேலியன்ட் இதழ் ஒன்றின் நடுத்தாள். இதழின் தேதியைப் பொருளாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களில் யாரிடமாவது இருந்தால் தாளைக் கழற்ற வேண்டாம், படம் எடுத்து அனுப்புங்கள் போதும். ஓரத்தில் விரல் விழுந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
காப்புக் குழுவினர்