அந்த 2,499 ரூபாயைக் கட்டாதே, பிரியா

அன்புள்ள பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமா?

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பின விளம்பரத்தைப் பார்த்தேன். வீட்டிலிருந்தே டைப்பிங், தினமும் இரண்டு மணி நேரம், மாதம் 30,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 2,499, இன்று ராத்திரிக்குள் கட்டினால்தான் இடம். கட்டாதே. போனிலேயே விவரமாகச் சொல்லலாம் என்றால் பேச ஆரம்பித்ததும் பயல் போனைப் பிடுங்குகிறான், நீயும் பாதியிலே வைத்துவிடுகிறாய். அதான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பி இதைப் படம் எடுத்து அனுப்புவான். பயல் தூங்கும்போது படி.

இந்தக் காலத்து வேலையைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைக் கொரோனா வந்த பிறகா கண்டுபிடித்தார்கள்? முக்கூடலில் உன் ஆச்சி காலத்திலிருந்தே வீட்டுக்கு வீடு தார்சாவில் சொளகும் மடியுமாகத்தான் பெண்கள் பீடி சுற்ற உட்கார்ந்திருந்தோம். ராத்திரியே இலையை நனைத்துச் சாக்கில் பொதிந்து வைக்கணும். காலையில் தகர அளவை வைத்துக் கத்தரித்து, தூள் வைத்து உருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடக்கி, இருபத்தைந்து சேர்ந்ததும் ஒரு கட்டு. கை வேகமுள்ளவளுக்கே ஆயிரம் முடிய விளக்கு வைக்கிற நேரமாகிவிடும்.

அதைக் கடைக்குக் கொண்டுபோனால் ஏஜெண்டு கட்டைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்ப்பான். இது தொளதொளன்னு இருக்கு, இது நுனி சரியில்லை என்று கழித்துப் போடுவான். கழித்ததைத் திருப்பியும் தரமாட்டான், அதுவும் எங்கோ விலைக்குத்தான் போனது. இலையைக் குறைத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆயிரம் எண்ணிக் கேட்பான். பற்றாக்குறைக்குக் கைத்துட்டைப் போட்டு இலை வாங்கிச் சுற்றிக் கொடுத்தோம்.

இவ்வளவு களவாணித்தனத்துக்கு நடுவிலும் ஒன்று உண்டு. "உனக்கு வேலை தருகிறேன், முதலில் பணத்தைக் கட்டு" என்று எந்த ஏஜெண்டும் கேட்டதில்லை. எவ்வளவு கழித்தாலும் மீதிக்குக் கூலியைக் கொடுத்தான். சண்டை போட ஒரு கடை இருந்தது. பத்துப் பேர் சேர்ந்து போய் வாசலில் நின்றால் பதில் சொல்ல உள்ளே ஓர் ஆள் இருந்தான். நீ அனுப்பின விளம்பரத்தில் அந்த வாசல் எங்கே இருக்கிறதென்று காட்டு பார்ப்போம். ஒரு செல் நம்பரும் ஒரு ஜிமெயில் முகவரியும்தான் இருக்கிறது.

போன மாதம் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு சைபர் கிரைம் போலீஸ்காரர் ஒருவர் வந்து இதையெல்லாம் விவரமாகச் சொன்னார். டைப்பிங் வேலை என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் பணத்தோடு ஓடிவிடுவார்களாம். மீதிப்பேர் உண்மையிலேயே வேலை அனுப்புவார்கள், அதுதான் மோசம். கண்ணுக்கே தெரியாத படங்களாக நூற்றுக்கணக்கான படிவங்களை அனுப்பி ஒரு வாரத்தில் அடித்துக் கொடு என்பான். ராப்பகலாக அடித்துக் கொடுத்த பிறகு, 90 சதவீதம் சரியாக இல்லை, எங்களுக்கு நஷ்டம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், பணத்தைக் கட்டு என்பான். அப்புறம் வக்கீல் என்று ஒருவன் பேசுவான், கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி ஒரு தாள் வாட்ஸ்அப்பில் வரும். வீட்டில் தெரிந்தால் அவமானம் என்று பயந்து கட்டியவர்கள் நிறைய. கோர்ட்டு நோட்டீஸ் யாரோ ஒருவன் செல்லிலிருந்து மிரட்டலோடு வராது, ஜிபேயில் கட்டு என்றும் கேட்காது. இப்படி உனக்கு எப்போதாவது வந்தால் பதில் பேசாதே, முதலில் மாப்பிள்ளையிடம் சொல்.

டெலிகிராம் வேலை இன்னொரு மாதிரி. யூடியூபில் லைக் போடு, ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போடு என்று ஆரம்பிக்கும். முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே உன் கணக்கில் விழும். அது உன்னை நம்பவைக்க அவன் போடுகிற முதல். அடுத்து 1,000 போட்டால் 1,300 என்பான், அதுவும் வரும். பெரிய தொகை போன பிறகுதான் கணக்கு முடங்கிவிட்டது, வரி கட்டினால்தான் விடுவிப்போம் என்று தொடங்குவான். 2023 டிசம்பரில் மத்திய உள்துறை இப்படிப் பகுதிநேர வேலை, முதலீடு என்று ஏமாற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கியது. ஓய்வு பெற்றவர்கள், பெண்கள், வேலை தேடுகிற பிள்ளைகள், இவர்களைத்தான் குறிவைக்கிறார்கள் என்று அப்போதே சொன்னார்கள். வீட்டில் கைப்பிள்ளையோடு இருக்கிறவளுக்குக் கை நீட்டிக் காசு கேட்கக் கூச்சமாக இருக்கும் என்பது அந்தச் சவங்களுக்குத் தெரியும்.

பென்சில் பேக்கிங் என்றும் ஒன்று சுற்றுகிறது. கொஞ்சம் யோசித்துப் பார். பீடி இலை எங்கள் வீட்டுக்கு வந்ததென்றால் கடை நடந்து போகிற தூரத்தில் இருந்தது. எங்கோ வடக்கே இருக்கிற கம்பெனி மேடவாக்கத்துக்குப் பென்சிலைக் கூரியரில் அனுப்பி, நீ பத்துப் பத்தாக அட்டையில் போட்டு, திரும்பக் கூரியரில் வாங்குமா? கூரியர் காசுக்கு ஆகுமா அந்தப் பென்சில்?

இதையெல்லாம்விட எனக்குப் பயம், வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்கிறவர்களைப் பற்றி. உன் கணக்கில் பணம் வரும், உன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை நாங்கள் சொல்கிற கணக்குக்கு அனுப்பு, இதுதான் வேலை என்பான். அது வேறு யாரிடமோ ஏமாற்றிய பணம். நம் தெருவிலேயே ஒரு பையன் அப்படிக் கணக்கைக் கொடுத்து, கணக்கு முடங்கி, வெளிமாநிலப் போலீஸ் கூப்பிட்டதும் குடும்பமே கதிகலங்கிப் போய்க் கிடந்தது. பணத்தை இழந்தால் பணம்தான் போகும், இதில் குற்றவாளியாகவே நிறுத்திவிடுவார்கள்.

ஒரு கம்பெனி உண்மையா என்று பார்ப்பதற்குத் தம்பி எனக்குக் காட்டித் தந்தான். ஜிஎஸ்டி தளத்தில் அவர்கள் கொடுக்கிற 15 எழுத்து எண்ணைப் போட்டால் பெயரும் தொடங்கிய தேதியும் வருகிறது, காசு கிடையாது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. சென்னைக் கம்பெனி என்று சொல்லிவிட்டு வேறு எண் கொடுத்தால் ஏன் என்று கேள். கம்பெனிப் பதிவை மத்திய அரசின் கார்ப்பரேட் விவகாரத் துறைத் தளத்தில் பார்க்கலாம். ஆனால் பதிவு இருப்பதாலேயே யோக்கியன் என்று ஆகிவிடாது. நல்ல கம்பெனியின் பெயரையும் எண்ணையும் திருடிப் போட்டுக்கொள்கிறவனும் உண்டு. அதனால் விளம்பரத்தில் இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டு விசாரிக்காதே. கம்பெனியின் சொந்த இணையதளத்துக்குப் போய் அங்கே இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டு, இப்படி ஓர் ஆள் எடுக்கிறீர்களா என்று கேள். வேலைக்கான ஆணை கைக்கு வருவதற்கு முன்னால் ஆதார், பான் நகலை அனுப்பாதே. ஓடிபி கேட்டால் பேச்சே கிடையாது.

வேலை உண்மைதான் என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி இருக்கிறது: நீ அவர்களுக்குச் சம்பள ஆளா, காண்ட்ராக்ட் ஆளா? பீடித் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவள் என்பதால் இதை நான் விடமாட்டேன். 1966இலேயே பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்து, வீட்டில் சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்றது. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1974இல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்றது. 1977இல் பீடிக்கு பி.எஃப். வந்தது. வீட்டில் சுற்றுகிறவளுக்கு அது கிடையாது என்று மறுபடி வழக்கு, 1985இல்தான் அவளுக்கும் உண்டு என்று முடிந்தது. என் பேரில் பீடிக் கடைப் பாஸ் புத்தகம் இருந்ததால் இன்றைக்கு ஏதோ பென்ஷன் என்று வருகிறது. பக்கத்து வீட்டு அத்தை இன்னொருத்தி பாஸில் காலமெல்லாம் சுற்றினாள். அவள் வேலை பார்த்தாள் என்பதற்கு ஒரு தாளில்கூடத் தடம் இல்லை.

சம்பள ஆள் என்றால் பி.எஃப். பிடிப்பார்கள். பழைய கம்பெனியில் கொடுத்த அதே யூஏஎன் என்கிற பி.எஃப். நம்பரைக் கொடு, புதிதாக ஒன்று போட விடாதே. காண்ட்ராக்ட் என்றால் டிடிஎஸ் என்று வரியைப் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். பிடித்தது உன் பான் எண்ணில் வருமான வரித் தளத்தில் தெரியும், வருடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துக்கொள்.

இனி உனக்கு என்ன வேலை என்று பார்ப்போம். கண்டவன் விளம்பரத்தையும் பார்க்கிறாயே, நீ மூன்று வருஷம் பார்த்த மெடிக்கல் கோடிங் என்ன ஆயிற்று? அமெரிக்க ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்து நோய்க்கு ஒரு நம்பர், சிகிச்சைக்கு ஒரு நம்பர் போடுகிற வேலை, கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே பார்த்தாயே. அந்த சிபிசி என்கிற கோடிங் சான்றிதழைப் புதுப்பித்தாயா, கிடக்கிறதா? இரண்டு வருஷத்துக்கு 36 புள்ளி சேர்க்கணும் என்று நீதான் சொன்னாய். 2,499 ரூபாயை அந்தப் பக்கம் செலவு செய்தால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். முதலில் உன் பழைய டீம் லீடருக்கு ஒரு போன் போடு. தெரிந்தவர் மூலம் வருகிற வேலையில் பாதிச் சோதனை தானாகவே முடிந்துவிடுகிறது. நோயாளி விவரம் வெளியே போகக் கூடாது என்று அவர்களுக்குச் சட்டம் இருப்பதால் மடிக்கணினியைக் கம்பெனியே தரும். அதற்கு டெபாசிட் கட்டு என்றால் விலகிக்கொள். கோடிங்கிலும் 95 சதவீதம் சரியாக இருக்கணும் என்று பார்ப்பார்கள்தான். தப்பினால் திருத்தச் சொல்வார்கள், பயிற்சிக்கு உட்கார வைப்பார்கள், மிஞ்சிப்போனால் வேலையை விட்டு அனுப்புவார்கள். உன்னிடம் பணம் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லணும். 2017இல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கினார்கள். விடுப்பு முடிந்த பிறகும், வேலைக்கு ஒத்துவந்தால், இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அதில் இருந்தது. கட்டாயம் என்று இல்லை, ஆனால் கேட்கலாம். நீ கேட்காமலே வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். அடுத்த பிள்ளைக்காவது கேள். (உடனே கோபப்படாதே, சும்மா சொன்னேன்.)

அது அமையும்வரை கையில் ஏதாவது வேண்டுமென்றால் உங்கள் குடியிருப்பிலேயே பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு ட்யூஷன் எடு. பெற்றவர்களே வந்து பணம் தருவார்கள், முகம் தெரிந்தவர்கள். பொடி, ஊறுகாய் செய்து விற்கிறேன் என்றாயே, அது சரிவரும் என்று எனக்குத் தோன்றவில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கணும், போடுகிற முதல் திரும்ப நாளாகும், உனக்கு அடுப்படியில் நிற்கிற பொறுமையும் கிடையாது.

பயல் விஷயம்தான் பெரிசு. உன்னைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கால் பெருவிரலில் கயிற்றைக் கட்டி ஆட்டிக்கொண்டே பீடி சுற்றினேன். தூள் நெடியில் நீ இருமுவாய், வேறு வழி இல்லை. கோடிங்குக்கு அது நடக்காது. கம்பெனி எட்டு மணி நேரம் கேட்கும், நடக்கத் தொடங்கின பிள்ளை பத்து நிமிஷம் சும்மா இருக்காது. வீட்டில்தானே இருக்கிறாள், பிள்ளையையும் பார்த்துக்கொண்டு வேலையையும் பார்க்கட்டும் என்று மாப்பிள்ளை நினைத்தால் அது கோட்டித்தனம் என்று நான் சொன்னதாகவே சொல். அவர் ஆபீஸ் போவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம், வந்த பிறகு இரண்டு மணி நேரம் பிள்ளை அவர் பொறுப்பு. பகலில் நாலு மணி நேரத்துக்குப் பக்கத்தில் நல்ல காப்பகம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா. பயிற்சி நடக்கிற முதல் மாதம் நான் வருகிறேன். அப்பா சோறு பொங்கக் கற்றுக்கொண்டிருக்கிறார், குழம்புக்குச் சித்தி வீடு இருக்கிறது.

உன் எதிர்வீட்டுப் பெண் ஏற்கெனவே கட்டிவிட்டாள் என்றாயே, அவளை இன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடச் சொல். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாளோ அவ்வளவுக்குப் பணம் போன கணக்கை முடக்க வழி உண்டு. பணம் அனுப்பின ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் சைபர் கிரைம் தளத்தில் புகாரும் பதியட்டும். பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று யாராவது கூப்பிட்டுக் கட்டணம் கேட்டால் அவனும் அதே கூட்டம்தான்.

டீம் லீடரிடம் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். தம்பி நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுவான். தாம்பரத்தில் இறங்கிக்கொள்கிறேன், மாப்பிள்ளையை வரச் சொல். போன தடவை கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா?

இப்படிக்கு,
அம்மா