ஓடிச் சுடும் போட்டி பற்றி மாமாவுக்கு எழுதியது

மெல்பர்ன்,
ஐப்பசி 5.

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொண்டது. நான் இங்கு நலமாக இருக்கிறேன். உங்கள் நலமும் அத்தை, ஆச்சி இருவரின் நலமும் அறிய ஆவல். நின்று மூச்சடக்கிச் சுடுவதைத்தான் மணிமுத்தாறு பட்டாலியனில் நீங்கள் இத்தனை காலமும் கற்றுக்கொடுத்தீர்கள்; ஓடிக்கொண்டே சுடுவது என்ன போட்டி, அதற்கு என்ன துப்பாக்கி, என்ன தோட்டா என்று கேட்டிருந்தீர்கள். ஆயுதம் அறிந்த உங்களிடம் மேலோட்டமாகச் சொல்வது சரியாகாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில், துப்பாக்கி என்றாலே ஆபத்து என்ற ஆச்சியின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 1996-இல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, ஆஸ்திரேலியா துப்பாக்கிச் சட்டங்களை மிகவும் இறுக்கிவிட்டது. தற்காப்புக்காக என்று சொல்லி இங்கு யாரும் கைத்துப்பாக்கி உரிமம் பெற முடியாது. கிளப்பில் சேர்ந்து, பின்புலம் சரிபார்க்கப்பட்டு, முதல் ஆறு மாதம் கிளப்பின் துப்பாக்கியிலேயே பழகிய பிறகுதான் சொந்தமாக வாங்க அனுமதி கிடைக்கும். அப்படி வாங்கியதும் இரும்புப் பெட்டகத்தில் இருக்க வேண்டும், தோட்டாக்களைத் தனியாக வேறு பூட்டுக்குள் வைக்க வேண்டும். கிளப் போட்டிகளுக்குத் தொடர்ந்து போகாவிட்டால் உரிமமும் போய்விடும்.

இந்த விளையாட்டின் உலக அமைப்பான ஐ.பி.எஸ்.சி. (இன்டர்நேஷனல் பிராக்டிகல் ஷூட்டிங் கான்ஃபெடரேஷன்), 1976-இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் தொடங்கப்பட்டது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், வலிமை, வேகம் மூன்றுக்கும் சம மதிப்பு என்பது அதன் அடிப்படை. நடைமுறையில் அது ஒரே ஒரு வகுத்தல் கணக்காக வருகிறது: பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். அட்டை இலக்கின் நடுப்பகுதி ஏ, அதைச் சுற்றி சி, ஓரத்தில் டி. நான் சுடும், பெரிதாக மாற்றாத தொழிற்சாலைப் பிஸ்டல்களுக்கான புரொடக்‌ஷன் பிரிவில் அவற்றுக்கு முறையே 5, 3, 1 புள்ளிகள். இலக்கைத் தவறவிட்டால் அந்தப் புள்ளி கிடைக்காததோடு பத்துப் புள்ளிகள் கழிக்கப்படும். சுடக்கூடாத வெள்ளை அட்டையில் பட்டாலும் பத்து போகும்.

ஆறு அட்டைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு குண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டும் ஏ-யில் விழுந்து எட்டு நொடி ஆனால் 60-ஐ 8-ஆல் வகுக்க 7.5 வருகிறது. இரண்டு குண்டுகள் சி-க்கு நழுவி, ஆனால் ஏழு நொடியில் முடித்தவருக்கு 56-ஐ 7-ஆல் வகுக்க 8 வருகிறது, அவர்தான் முந்துகிறார். அதே ஏழு நொடியில் பதினொன்று ஏ-யில் விழுந்து ஒரு குண்டு அட்டைக்கு வெளியே போயிருந்தால் 45 புள்ளிதான், ஹிட் ஃபேக்டர் 6.4-க்கு இறங்கிவிடுகிறது. ஆக, இந்த வேகத்தில் ஒரு சி என்பது ஏறத்தாழ கால் நொடிக்குச் சமம். ஒரு தவறல் இரண்டு நொடிக்குச் சமம். நின்று சுட வேண்டிய இடம் எது, விரைந்து சுட வேண்டிய இடம் எது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. நிதானத்தை யாரும் கைவிடவில்லை, மாமா. அதற்கு இங்கு ஒரு விலை குறித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனித் துப்பாக்கிக்கு வருகிறேன். நீங்கள் கையாண்ட இஷாப்பூர் 9 எம்.எம். 1ஏ பிஸ்டலில் பதின்மூன்று ரவுண்டு போடலாம். இந்த நாட்டுச் சட்டப்படி தோட்டா அடுக்கும் மேகசினில் பத்துக்கு மேல் கூடாது. அரைத்தானியங்கிப் பிஸ்டலின் குழல் 120 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பதால், கிளாக் நிறுவனம் இந்த நாட்டுக்கென்றே குழலை நீட்டி 17ஏ என்ற மாதிரியைச் செய்கிறது. நான் தேர்ந்தெடுத்தது செக் நாட்டு சி.இசட். ஷேடோ 2. முழுவதும் எஃகு, தோட்டா இல்லாமலே சுமார் 1,330 கிராம். இடுப்பில் நாள் முழுவதும் சுமக்க வேண்டியதில்லை என்பதால் எடை எனக்குச் சுமையாகப் படவில்லை. மாறாக, சுடும்போது குழல் முனை மேலெழுவதை அந்த எடையே அடக்கிவிடுகிறது.

அதில் பழக வேண்டியது முதல் குண்டு. 1ஏ-யில் தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை முன்பே இழுத்து வைத்தால்தான் சுடும். எங்கள் பிரிவில் இந்த வகைப் பிஸ்டலைச் சுத்தியல் இறங்கிய நிலையில்தான் உறையில் வைத்துத் தொடங்க வேண்டும். ஆகவே முதல் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும், அடுத்தது முதல் எல்லாம் குறுகி இலகுவாகிவிடும். கை நீளும்போதே விசையை இழுக்கத் தொடங்கி, குறி இலக்கில் நிலைக்கும் கணத்தில் இழுப்பு முடியும்படி செய்வதே என் பயிற்சியில் பெரும்பகுதி.

தோட்டா விஷயத்தில் உங்களுக்கு ஆர்வம் இருக்கும். குண்டின் எடையை கிரெய்னிலும் (ஒரு கிராமில் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு) வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது பவர் ஃபேக்டர். எங்களுக்கு அது 125-க்குக் குறையக்கூடாது. பெரிய போட்டிகளில் நம் தோட்டாக்களில் சிலவற்றை எடுத்து, ஒரு குண்டைக் கழற்றி எடைபோட்டு, மற்றவற்றை வேகமானியில் சுட்டுப் பார்ப்பார்கள். குறைந்தால் போட்டியில் சுடலாம், புள்ளி கிடையாது. அதனால் எல்லாரும் 130-ஐ ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். 115 கிரெய்ன் குண்டு 1,140 அடி வேகத்திலும், 124 கிரெய்ன் 1,050-லும், 147 கிரெய்ன் 890-லும் ஓடினால் மூன்றுமே அந்த அளவைத் தொட்டுவிடும். எண் ஒன்றானாலும் கையில் உணர்வது ஒன்றல்ல. லேசான குண்டு சுருக்கென்று உதைக்கும், பிஸ்டலின் மேற்பாகமான ஸ்லைடு படாரென்று திரும்பும். கனத்த குண்டு மெதுவாகத் தள்ளுவது போலிருக்கும். சிலருக்கு அந்த மந்தம் பிடிப்பதில்லை. குழல் முனையிலுள்ள முன்குறி திரும்பி வரக் காத்திருக்க நேர்கிறது என்கிறார்கள். எனக்கு 147-தான் ஒத்துவருகிறது. உதை குறைந்தால் முன்குறி எழுந்து விழுவதைக் கண் விடாமல் பார்க்க முடிகிறது. எந்த நொடியில் குண்டு போனது, ஏ-யா சி-யா என்று அட்டையைப் பார்க்காமலே சொல்ல முடிகிறது. கோடையில் இங்கு நாற்பது டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு, குளிர்காலக் காலையில் விரல் விறைக்கும். வெப்பநிலையோடு வெடிமருந்து தரும் வேகமும் மாறுவதால், இரண்டு காலத்திலும் அளந்து பார்த்த தோட்டாவையே போட்டிக்கு எடுத்துப்போகிறேன்.

சனிக்கிழமை காலைகளில் கிளப்பில் கூடுகிறோம். குழாய் வேலை செய்பவர், செவிலியர், பள்ளி ஆசிரியர் எல்லாரும் ஒரே குழுவில் இருக்கிறார்கள். ஒருவர் சுட்டு முடித்ததும் மற்றவர்கள் போய் ஓட்டைகளுக்குக் காகிதம் ஒட்டுகிறோம், சாய்ந்த இரும்புத் தகடுகளை நிமிர்த்துகிறோம். சுடுவதற்கு முன் களத்தை வெறுங்கையோடு சுற்றிப் பார்க்கச் சில நிமிடங்கள் தருவார்கள். அதிகம் நீளும் களத்தில் 32 குண்டுகள் வரை சுட வேண்டியிருக்கும். ஆனால் ஓரிடத்திலிருந்து ஒன்பதுக்கு மேல் கேட்கக்கூடாது என்பது விதி. பத்துத் தோட்டா மேகசினுக்கு அது ஒன்றே ஒன்றுதான் மிச்சம் விடுகிறது. எனவே ஒவ்வோர் இடத்தையும் விட்டு நகரும் முதல் அடியிலேயே மேகசினை மாற்றிவிடுவேன்: பட்டன் அழுத்தும்போதே இடது கை இடுப்பிலிருக்கும் மேகசினை எடுக்கும், ஆள்காட்டி விரல் அதன் முன்புறம் நீண்டு மேல் தோட்டாவின் நுனியைத் தொட்டிருக்கும், கண் பிஸ்டல் பிடியின் வாயை மட்டும் பார்க்கும். விசை விரல் அப்போது காப்பு வளையத்துக்கு வெளியே நீட்டியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் அன்றைய போட்டியிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். குழல் முனை பின்பக்கம் திரும்பினாலும் அதே தண்டனைதான். இதில் யாருக்கும் சலுகை கிடையாது, அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பிடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் வயலில் மண்வெட்டிக் காம்பைப் பிடிப்பது போல, நழுவாத அளவு இறுக்கம், விரல் வெளுக்காத அளவு தளர்வு. இடது கைதான் கூடுதலாக இறுக்க வேண்டும். வலது கை இறுகினால் விசை விரலும் சேர்ந்து விறைத்துவிடுகிறது. அடுத்த இலக்குக்குக் கண் முதலில் போக வேண்டும், துப்பாக்கி அதைப் பின்தொடர வேண்டும். இவற்றையெல்லாம் வீட்டில் தோட்டா இல்லாமலேயே மாலைதோறும் பழகுகிறேன். அப்போது அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்க விடுவதில்லை.

ஓர் உதவி வேண்டும், மாமா. எங்கள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த இருவர், வெடிச் சத்தத்தை எதிர்பார்த்து, விசையை இழுக்கும் கணத்தில் மணிக்கட்டைக் கீழே அழுத்திவிடுகிறார்கள். மேகசினில் நடுவே போலித் தோட்டாவைக் கலந்து கொடுத்து அதைக் காட்டிக்கொடுக்கிறோம்; கோளாறு தெரிகிறதே தவிர எளிதில் நீங்குவதில்லை. பட்டாலியனில் புதிதாக வந்த பையன்களுக்கு இந்தப் பழக்கத்தை எப்படிப் போக்கினீர்கள், எத்தனை ரவுண்டுக்கு ஒருமுறை ஓய்வு கொடுத்தீர்கள் என்பதை விவரமாக எழுதுங்கள். அத்தைக்கும் ஆச்சிக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்