காற்று மாறும் வரை தங்கு

அன்புள்ள மருமகளுக்கு,

தை பிறந்ததும் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பில் போகப்போவதாகவும், விடுப்பு கிடைக்காவிட்டால் வேலையையே விட்டுவிடுவதாகவும் நீ எழுதியிருந்தாய். அதனுடன் அனுப்பிய ஊர்ப் பட்டியலை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இமயமலையின் ஸ்பிட்டி, மாஜுலி, மலேசியாவின் பினாங்கு, ஐஸ்லாந்து, மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்டாக் போகும் ரயில், ஸ்பெயினில் சந்தியாகோ வரை நடக்கும் பாதை என்று மொத்தம் பதினேழு பெயர்கள். உனக்குச் சொல்ல நினைப்பது உன் நிலையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவக்கூடும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். உன் பெயரை மட்டும் எழுதவில்லை.

அப்பா கோபப்பட்டார் என்று எழுதியிருந்தாய். அந்தக் கோபத்தை நீ தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ராமநாதபுரம் கடற்கரையில் பயணம் என்றால் பிழைப்புக்குப் போவது என்றுதான் பொருள். கீழக்கரைப் பக்கம் வெளிநாட்டில் வேலை செய்பவர்களைச் சபராளிகள் என்பார்கள். சபர் என்றால் பயணம். என் அப்பா, அதாவது உன் தாத்தா, கொழும்பில் கடைக்கணக்கு எழுதியவர். தனுஷ்கோடி வரை ரயிலில் போய், அங்கே தலைமன்னாருக்குக் கப்பலேறி, அக்கரையில் மறுபடி ரயில் பிடித்து வேலைக்குப் போய்வந்தார். 1914இல் தொடங்கிய அந்த வழி 1964 டிசம்பர் புயலோடு முடிந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிக் குடும்பங்களை நோய்த்தடுப்புக்காக நம் மண்டபம் முகாமில் தங்கவைத்த பிறகே கப்பலேற விட்டார்கள்.

உன் அப்பா வளைகுடாவில் இருந்த இருபத்திரண்டு ஆண்டுகளும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறையில் வருவார். வீட்டுக்கு வெள்ளையடிப்பது, தவறவிட்ட கல்யாண வீடுகளுக்கும் துக்க வீடுகளுக்கும் போய்வருவது, பத்திர அலுவலகத்துக்கு அலைவது, அங்கே பிடுங்கப் பயந்த பல்லை இங்கே பிடுங்கிக்கொள்வது ஆகியவற்றிலேயே அந்த இரண்டு மாதமும் கரைந்துவிடும். ஒருமுறை, திரும்பிப் போவதற்கு முந்தைய மாலை, வடகடல் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவரைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். "இந்தத் தடவை கடலையே பார்க்கவில்லை" என்றார். விடுமுறை என்றால் வீடு திரும்புவது என்று மட்டுமே அறிந்த ஒருவரிடம், விடுப்பு எடுத்து வீட்டைவிட்டுப் போகிறேன் என்று நீ சொல்லியிருக்கிறாய். நம் குடும்பத்தில் தனக்கென்று ஆறு மாதம் வாய்த்த முதல் ஆள் நீ. அதை அவர் மெல்ல மெல்லப் புரிந்துகொள்வார்; நானும் பேசுகிறேன்.

என் கவலை எல்லாம் அந்தப் பதினேழு என்ற எண்ணைப் பற்றித்தான். பள்ளியில் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்த நான், நாற்பத்து நான்காம் வயதில் ஐந்து மாத விடுப்பு எடுத்தது உனக்குத் தெரியும். முதல் நாற்பது நாளில் பதினான்கு ஊர்களுக்குப் போனேன். இன்று யோசித்தால் அந்த ஊர்களில் பாதியின் பெயருக்கு எதிரே ஒரு தங்கும் விடுதியின் படுக்கை விரிப்பும், அடுத்த ரயிலைத் தவறவிடக் கூடாது என்ற பதைபதைப்பும் மட்டுமே நினைவில் இருக்கின்றன. பதினைந்தாவது ஊராக அசாமில் பிரம்மபுத்திராவின் நடுவே இருக்கும் மாஜுலித் தீவுக்குப் போனபோது காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. நான் இரண்டு மாதம் கழித்தே கிளம்பினேன்.

அந்த இரண்டு மாதத்தில்தான் நான் உண்மையாகவே ஓர் ஊரைப் பார்த்தேன் என்று சொல்ல முடியும். நிமாட்டி துறையிலிருந்து படகில் வந்து நான் இறங்கிய இடத்தில், திரும்பும்போது மணல்தான் இருந்தது. ஆற்று நீர் வற்ற வற்றப் படகுத்துறையை அவர்கள் நகர்த்திக்கொண்டே போகிறார்கள். வெள்ளக் காலத்தில் ஆறு கரையை அறுத்துத் தீவையே சிறிதாக்கிவிடுகிறது என்று, நான் தங்கியிருந்த வீட்டுக்காரர், தம் தகப்பனார் உழுத நிலம் இருந்த திசையை ஆற்றின் நடுவில் காட்டினார். சால்மோரா கிராமத்தில் பெண்கள் சக்கரம் இல்லாமல் கையாலேயே தட்டிப் பானை செய்வதைப் பல நாள் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம் என்னைப் பார்த்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டவர்கள், ஐந்தாம் வாரத்தில் என் கையில் ஈர மண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே உனக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பத்து நாள் சுற்றுலாவில் ஓர் இடத்தைப் பார்த்துவிடலாம். அந்த இடம் மாறுவதைப் பார்க்க வேண்டுமானால் மாதக்கணக்கில் தங்க வேண்டும், அந்த வசதி வேலையில் இருப்பவர்களுக்கு வாழ்நாளில் ஓரிரு முறைதான் கிடைக்கும். ஊரின் பெயரையும் படத்தையும் வைத்துத் தேர்ந்தெடுக்காதே. உன் கையில் இருப்பது தை முதல் ஆனி வரை. அந்த மாதங்களில் எங்கே எது மாறுகிறது என்று பார்த்து இரண்டே இடங்களைத் தேர்ந்தெடு.

இந்தக் கணக்கில் உன் பட்டியலைப் பார்த்தால் சில பெயர்கள் தாமாகவே விழுந்துவிடுகின்றன. ஸ்பிட்டிக்கு மணாலி வழியாகப் போகும் குன்சும் கணவாய் பனியால் மூடிக்கிடக்கும் மாதங்களே உன் விடுப்பில் பெரும்பகுதி; சிம்லா, கின்னௌர் வழி இருந்தாலும், உயரத்துக்குப் பழகாத உடம்போடு முதன்முறையாகக் குளிர்காலத்தில் அங்கே போக வேண்டாம். ஐஸ்லாந்தில் வடதுருவ ஒளியைக் காண இருட்டு வேண்டும், சித்திரை முடிவதற்குள் அங்கே இரவே வெளுத்துவிடும். செலவும் உன் சேமிப்புக்குத் தாங்காது. ரஷ்ய ரயில் 9,289 கிலோமீட்டரை ஏழு நாளில் கடக்கிறது. நடுவில் இர்குட்ஸ்கில் இறங்கிப் பைக்கால் ஏரியின் பனி உடைவதைப் பார்க்கலாம் என்றால் நானே உன்னை அனுப்புவேன், ஆனால் நம் வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 முதல் அங்கே செல்லாததால் கையில் ரொக்கத்தைச் சுமந்துகொண்டு தனியாகத் திரிய வேண்டியிருக்கும்.

சந்தியாகோ பாதையை எடுத்தெறிய எனக்கு மனம் வரவில்லை. பிரெஞ்சு எல்லையிலிருந்து ஏறத்தாழ 780 கிலோமீட்டர், முப்பது முப்பத்தைந்து நாள் நடை. வழியெங்கும் யாத்திரிகர்களுக்கான எளிய விடுதிகள் இருக்கின்றன. நம் பக்கத்திலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களைச் சிறுவயதிலிருந்தே நீ பார்த்திருப்பாய், நடந்து போகும் ஆளுக்கு வழியில் இருப்பவர்கள் காட்டும் மரியாதை உனக்குப் புதிதாக இருக்காது. ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது என்பதை மட்டும் மறக்காதே. அந்த நடைக்குச் சித்திரையும் வைகாசியும் நல்ல மாதங்கள். ஆனால் அதே மாதங்களை நான் வேறொன்றுக்குக் கேட்கப்போகிறேன்.

தையும் மாசியும் பினாங்குக்குப் போ. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் போன நம் மக்கள் அங்கே கடை வைத்து, பள்ளிவாசலும் கோயிலும் கட்டியிருக்கிறார்கள். 2008இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்ட ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி நடந்தால் தமிழ் காதில் விழும். கீழக்கரையில் தேங்காய்ப்பாலில் கிண்டும் தொதலை நீ விரும்பிச் சாப்பிடுவாயே, அதன் உறவினனை மலாய்க்காரர்கள் டோடோல் என்ற பெயரில் கிண்டுவதை அங்கே பார்ப்பாய். விசா எத்தனை நாளுக்குத் தருகிறார்கள் என்பதைப் புறப்படும் நேரத்தில் விசாரித்துக்கொள்.

பங்குனி முதல் ஆனி வரை இங்கே வந்து என்னோடு இரு.

இதைப் படித்ததும் உனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். நீ மதுரையில் வளர்ந்தவள். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வந்து மூன்றாம் நாள் கிளம்பிவிடுவாய். இந்தக் கரையில் தொடர்ந்து பத்து நாள் நீ இருந்ததே இல்லை. மண்டபத்தில் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. நாங்கள் வடகடல், தென்கடல் என்போம். வாடைக் காற்று அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பியதும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். சிறிய வள்ளம் வைத்திருந்தவர்கள் அந்தக் காற்றைப் பார்த்தே கரை மாறித் தொழில் செய்தார்கள். இந்த மாற்றம் ஒரே நாளில் நடப்பதில்லை. பங்குனியில் இரு கடலுமே கண்ணாடி போல் கிடக்கும் சில வாரங்கள் வரும். பிறகு சித்திரை முடிவில் ஒரு பிற்பகல் பனையோலையின் சத்தம் வேறாகக் கேட்கும். வைகாசியில் மூடாத சட்டியில் மணல் விழும். அந்தப் பிற்பகலை நீ இங்கே இருந்து கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் சித்திரையையும் வைகாசியையும் கேட்கிறேன்.

நீ வரும்போது தனுஷ்கோடி நீர்ப்பரப்பில் கடைசிப் பூநாரைகள் இருந்தாலும் இருக்கும். தேர்த்தங்கால், சக்கரக்கோட்டைக் கண்மாய்களில் கருவேல மரங்களின் மேல் கூடு கட்டிய பறவைகளின் குஞ்சுகள், தண்ணீர் வற்றுவதற்குள் பறக்கப் பழகும் நேரம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தத் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பலகை மாற்றி, வண்ணம் பூசுவார்கள். நாட்டுப்படகு மீன் மட்டுமே கிடைப்பதால் விலை ஏறும், பல வீடுகளில் கருவாட்டுக் குழம்புதான். தடை முடிந்து படகுகள் புறப்படும்போது நீ கரையில் நிற்க வேண்டும். போன படகு திரும்பும்வரை, எல்லை தாண்டியதாகப் பிடித்துவிடுவார்களோ என்று இங்குள்ள பெண்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பதையும் நீ அறிந்துகொள்ள வேண்டும்.

பாம்பன் அருகே கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களோடு எனக்கு நெடுநாள் பழக்கம். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலைச் சுற்றிக் கட்டி, காலில் தகடு மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மூழ்கி மூழ்கி எடுப்பார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின் அவர்கள் போகக்கூடிய இடம் சுருங்கிவிட்டது. பவளப் பாறைகளைக் காக்க வேண்டும் என்பதும் சரி, இவர்கள் வயிறும் சரி. எனக்கு இன்றுவரை இதில் எளிய விடை கிடைக்கவில்லை. முதல் நாளே படம் எடுக்கக் கைப்பேசியை நீட்டாதே. அவர்களே உன்னை உட்காரச் சொல்லும் நாள் வரும்.

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம், வண்டிக் கூட்டத்தில் ஒன்றும் தெரியாது. வேலைநாள் காலையில் போகலாம், மாலைக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி மேலே தூக்கப்படுவதையும் ஒருநாள் பார்த்துவிடுவோம்.

இனிச் சில கறாரான விஷயங்கள். விடுப்பு மறுக்கப்பட்டு ராஜினாமா செய்வதானால், ஐந்து ஆண்டு முடிய இன்னும் எத்தனை மாதம் என்று பார். அது முடியாமல் வெளியேறினால் பணிக்கொடை கிடைக்காமல் போகலாம். நிறுவனம் எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு நின்றுவிடும் என்பதால், கிளம்புமுன் சொந்தமாக ஒன்று எடுத்துக்கொள். வருங்கால வைப்பு நிதியில் கை வைக்காதே. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். திரும்பி வந்தபின் மூன்று மாதம் வேலை கிடைக்காவிட்டாலும் சாப்பிடும் அளவுக்குப் பணத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டு, மீதியைப் பயணத்துக்கு வை. இங்கே உனக்கு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கிடையாது, அதை அப்பாவிடம் மறக்காமல் சொல்.

மடிக்கணினியைக் கொண்டு வராதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கொண்டு வந்தால் பரணில் இடம் இருக்கிறது. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அவசியம் கொண்டு வா. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பனைகளில் விடியுமுன்பே ஏறுகிறவரிடம் பேசிவிட்டேன். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரைப் பச்சை ஓலையில் மடித்த பட்டையில் ஊற்றித் தருவார். இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடிக்க முடியும், ஒரு கையில் கைப்பேசி வைத்துக்கொண்டால் சிந்திவிடும். பங்குனி முதல் தேதியிலிருந்து தினமும் இரண்டு பட்டை வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அத்தை
மண்டபம்