ஒரே ஒரு தாள் கேட்கிறேன்: மன்னர் நாடகங்களை மேடையேற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கும் நிகழ்ச்சிக் கையேடு தொகுப்போருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் இடைக்கால மன்னர்களைப் பற்றி ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகங்களை நீங்கள் விடாமல் மேடையேற்றி வருகிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. எட்வர்ட் ஹாலின் 1548 வரலாற்று நூலும், ஹாலின்ஷெட் தொகுப்பின் 1587 பதிப்பும் இவற்றுக்கு மூலம் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்மையில் கைக்கு வந்த ஒரு கையேடுதான் இந்த மடலை எழுத வைத்தது. 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்துக்கானது. நடிகர்கள் முன்பு எதில் நடித்தார்கள் என்பதற்குப் பல பக்கங்கள். வரலாற்றுக்கு அரைப் பக்கம். அதிலும் நாடகத்தின் கதையைச் சுருக்கிக் கொடுத்துவிட்டு, "கூன் விழுந்த மன்னனின் உண்மைக் கதை" என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள்.

ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012-இல் லெஸ்டர் நகரத்து வாகன நிறுத்துமிடத்தின் அடியிலிருந்து எடுக்கப்பட்டது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. வலது தோள் இடதைவிடச் சற்று உயர்ந்திருக்கும். கூன் இல்லை. நாடகத்தில் வருகிற சூம்பிய கையும் இல்லை. 2015-இல் லெஸ்டர் பேராலயத்தில் அடக்கமும் செய்தாகிவிட்டது. நடிகருக்குக் கூன் வைப்பது உங்கள் உரிமை, நாடகம் அதைக் கேட்கிறது. அதை உண்மை என்று அச்சிடும் உரிமை யாருக்கும் இல்லை.

ஆனால் பார்வையாளர் படும் பெரிய அவதி கூனைப் பற்றியது அல்ல, பெயர்களைப் பற்றியது. அதே நாடகத்தின் நான்காம் அங்கம், நான்காம் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் ஹென்றியின் மனைவி மார்கரெட், நான்காம் எட்வர்டின் மனைவி எலிசபெத், ரிச்சர்டின் தாய் என மூன்று பெண்கள் மாண்டவர்களை எண்ணி அழுகிறார்கள். எனக்கு ஓர் எட்வர்ட் இருந்தான், ஒரு ரிச்சர்ட் கொன்றான். உனக்கும் ஓர் எட்வர்ட் இருந்தான், ஒரு ரிச்சர்ட் கொன்றான். உனக்கு ஒரு ரிச்சர்ட் இருந்தான், அவனையும் ஒரு ரிச்சர்ட் கொன்றான் என்று எலிசபெத்திடம் சொல்கிறாள் மார்கரெட். உடனே ரிச்சர்டின் தாய், எனக்கும் ஒரு ரிச்சர்ட் இருந்தான், அவனை நீ கொன்றாய் என்கிறாள். முதல் எட்வர்ட் மார்கரெட்டின் மகன், 1471-இல் டியூக்ஸ்பரி போரில் இறந்தவன். இரண்டாமவன் லண்டன் கோபுரத்துச் சிறையில் அடைக்கப்பட்டு 1483-க்குப் பின் யார் கண்ணிலும் படாமல் போன ஐந்தாம் எட்வர்ட். அடுத்த ரிச்சர்ட் அவனுடைய தம்பி. கடைசி ரிச்சர்ட் 1460-இல் வேக்ஃபீல்டு போரில் மாண்ட யார்க் டியூக், கொலைகாரனாகச் சுட்டப்படும் மூன்றாம் ரிச்சர்டின் தந்தை. சில வரிகள் கழித்து இன்னோர் எட்வர்ட் வருகிறான். அவன் நான்காம் எட்வர்ட்.

1590-களில் நின்று கேட்டவர்களுக்கு இது கொள்ளுத்தாத்தா காலத்து அரியணைச் சண்டை. கேட்ட மாத்திரத்தில் யார் யார் என்று பிடிபட்டிருக்கும். இன்று அரங்கில் இருப்பவர் முதல் எட்வர்ட் யாரென்று யோசித்து முடிப்பதற்குள் காட்சி பாதி கடந்துவிடுகிறது. அந்தப் பெண்கள் ஒருவர் கணக்கை மற்றவர் கணக்கால் தீர்க்கிறார்கள் என்பதே காட்சியின் உயிர். அது அவர் காதில் வெறும் ஒப்பாரியாக விழுகிறது. புரியவில்லையே என்று அவர் தன்னைத்தான் நொந்துகொள்கிறார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆகவே ஒரு தாள் கேட்கிறேன். ஏ4 அளவில், இரு பக்கமும் அச்சிட்ட ஒரே ஒரு தாள்.

முன்பக்கத்தில் மூன்றாம் எட்வர்டின் பிள்ளைகளில் தொடங்கும் வம்சவரிசை. கலைக்களஞ்சியத்திலிருந்து முழு மரத்தையும் பெயர்த்து வைத்துவிடாதீர்கள். அறுபது பெயர் கொண்ட மரம் அரங்கின் மங்கலான வெளிச்சத்தில் எதற்கும் உதவாது. அன்று மேடைக்கு வருபவர்களும், மேடையில் பெயர் சொல்லப்படும் இறந்தவர்களும் போதும். ஒரே பெயர்க்காரர்களுக்கு எண் கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. பட்டங்களையும் மறக்கக் கூடாது, ஒரே பட்டம் ஆளுக்கு ஆள் கைமாறும். 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் பேசப்படும் குளோஸ்டர், 1397-இல் கலேயில் இறந்த தாமஸ். ஆறாம் ஹென்றி நாடகங்களில் வருபவர் ஹம்ஃப்ரி. அதற்குப் பிறகு வருபவர்தான் மூன்றாம் ரிச்சர்டாகப் போகிற ரிச்சர்ட். 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் சதியில் சிக்கி, தாய் மண்டியிட்டுக் கெஞ்சியதால் உயிர் தப்புகிற ஆமெர்ல்தான், 'ஐந்தாம் ஹென்றி'யில் முன்னணிப் படையைக் கேட்டு வாங்கி அஜின்கோர்ட்டில் சாகிற யார்க் டியூக். இந்த ஒரு வரி தெரிந்தால் இரண்டு நாடகமும் வேறு கனத்தில் கேட்கும்.

பின்பக்கத்தில் காட்சிவாரியாக ஆண்டுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூலநூலில் உள்ளது, காலம் சுருக்கப்பட்டது, நாடகத்தின் கற்பனை என்று மூன்றில் ஒரு குறி. இங்கேதான் தவறுகள் நுழையும், கவனம் தேவை. நாடகத்தில் வரும் வயதை அப்படியே எடுத்து எழுதக் கூடாது. 'நான்காம் ஹென்றி' நாடகத்தில் கிளர்ச்சிக்காரப் பிரபு ஹாட்ஸ்பரும், பின்னாளில் ஐந்தாம் ஹென்றியாகிற இளவரசர் ஹாரியும் ஒரே வயதுக்காரர்கள் போல மேடையில் நிற்பார்கள். ஹாட்ஸ்பர் பிறந்தது 1364-இல். இளவரசரின் தந்தை நான்காம் ஹென்றியைவிடவே மூத்தவர். இரண்டாம் ரிச்சர்டின் அரசி இசபெல், 1399-இல் கணவர் பதவி இழந்தபோது ஒன்பது வயதுச் சிறுமி. பிற்காலக் குளோஸ்டரான ரிச்சர்ட், 1455 செயின்ட் ஆல்பன்ஸ் போரில் எதிரணிப் பிரபு சாமர்செட்டைக் கொல்வதாக வருகிறது; அன்று அவருக்கு வயது இரண்டரை. பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்குக்கு முன்பே ஆங்கிலத் தளபதி டால்பட் மேடையில் சாகிறார். உண்மையில் ஜோன் எரிக்கப்பட்டது 1431, டால்பட் மாண்டது 1453.

எல்லாப் பிழையையும் ஷேக்ஸ்பியர் தலையில் ஏற்றுவதும் சரியல்ல. எட்மண்ட் மார்ட்டிமர் குழப்பம் அவருக்கு மூலநூலிலிருந்தே வந்தது. 1402-இல் வேல்ஸ் கிளர்ச்சித் தலைவர் கிளென்டோரிடம் பிடிபட்டு அவர் மகளை மணந்தவர் சித்தப்பா. அரியணைக்கு உரிமை பேசப்பட்டவர் அதே பெயர் கொண்ட அண்ணன் மகன், 'மார்ச் பிரபு' என்ற பட்டக்காரர். ஹாலின்ஷெட்டில் இருவரும் ஒருவராகிவிட்டார்கள். அந்த அண்ணன் மகன் பிற்பாடு கோபுரச் சிறையில் கிழவனாகச் சாவதாக நாடகம் காட்டுகிறது. அவர் இறந்தது 1425-இல், அயர்லாந்தில், கொள்ளைநோயில். வயது நாற்பதைக்கூட எட்டவில்லை.

இந்த விவரங்கள் நடிப்புக்கும் உரம். 1403 ஜூலை 21, ஷ்ரூஸ்பரி போர். நாடகத்தில் இளவரசர் ஹாரி, ஓர் ஆழமில்லாத கீறலுக்காகக் களத்தை விட்டுப் போவதா என்று மறுக்கிறார். வழக்கமாக நடிகரின் நெற்றியில் கொஞ்சம் சிவப்புச் சாயம் தடவி விடுகிறார்கள். நடந்தது இது: பதினாறு வயதுப் பையனின் முகத்தில் அம்பு பாய்ந்தது. தண்டைப் பிடுங்கியபோது முனை ஆறு அங்குல ஆழத்தில் எலும்புக்குள் தங்கிவிட்டது. ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர் எல்டர் மரத்தண்டின் சோற்றைத் துணியில் சுற்றி, ரோஜாத் தேனில் ஊறவைத்து, மெல்லியதில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று தடிமனாகச் செருகிக் காயத்தின் வாயை அகலப்படுத்தினார். பிறகு நடுவில் திருகாணி ஓடும் சிறிய இடுக்கியைத் தாமே செய்வித்து, அம்புமுனையின் குழிக்குள் விட்டுத் திருகிப் பிடித்து, மெல்ல அசைத்து அசைத்து வெளியே எடுத்தார். வெள்ளைத் திராட்சை மதுவால் காயத்தைக் கழுவினார். இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட நடிகர் 'கீறல்' என்ற சொல்லை எப்படிச் சொல்வார், தெரியாதவர் எப்படிச் சொல்வார் என்று நீங்களே ஒத்திகையில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பார்வையாளருக்குப் புரியாது என்று காரணம் காட்டி மார்கரெட்டையே வெட்டி எறியும் வழக்கம் பழையது. 1700 வாக்கில் நடிகரும் நாடகாசிரியருமான கோலி சிபர் தயாரித்த 'மூன்றாம் ரிச்சர்ட்' பதிப்பிலேயே அவள் இல்லை. உண்மையான மார்கரெட் 1482-இல் பிரான்சில் இறந்துவிட்டார். ரிச்சர்ட் அரசரான ஆண்டில் அவர் உயிரோடு இல்லை. ஷேக்ஸ்பியர் தெரிந்தே அவளை அரண்மனைக்குள் நடக்க விட்டிருக்கிறார், பழைய கொலைகளை நினைவுபடுத்த ஓர் ஆள் வேண்டும் என்று. அவளை வெட்டினால் ரிச்சர்ட் எதற்காக வீழ்கிறார் என்பதும் கூடவே போய்விடும். புரியவில்லை என்றால் புரியவைக்க வழி தேட வேண்டும். இருநூறு வரியை வெட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு தாளை அச்சிட முடியாதா?

கோபம் சற்று மிகுந்துவிட்டது, பொறுத்தருள வேண்டும். கேட்பது அதே ஒரு தாள்தான். தயவுசெய்து அதைக் கையேட்டுக்குள் ஒளித்து விலைக்கு விற்காமல், நுழைவுச்சீட்டோடு எல்லோர் கையிலும் கொடுங்கள். முதல் ஒத்திகைக்கு முன்பே தயார் செய்து நடிகர்களுக்கும் ஒன்று கொடுங்கள். எழுத்து பன்னிரண்டு புள்ளிக்குக் குறைய வேண்டாம். யார் கொன்றது என்று நிரூபணம் ஆகாத இடத்தில், கோபுரத்துச் சிறுவர்கள் விஷயத்தில் குறிப்பாக, நிரூபணம் ஆகவில்லை என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாடகங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒருவர்