ஏ.டி.வி. சாவியை முகாமிலேயே விட்டுவிட்டு வாருங்கள்: வேட்டைத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் நீல மலைகளுக்கு ஆண்டுதோறும் அக்டோபரில் என்னோடு மான் வேட்டைக்கு வரும் உங்கள் ஏழு பேருக்கும், உங்களைப் போலவே போர்ட்லாந்துப் பக்கமிருந்து டிரெய்லரில் ஏ.டி.வி. (காடுமேடெல்லாம் ஓடும் சின்ன நான்கு சக்கர வண்டி) ஏற்றிக்கொண்டு கிழக்கே வரும் மற்ற தமிழ் நண்பர்களுக்கும் இதை எழுதுகிறேன். வேட்டை நேரத்தில் அந்த வண்டியைக் காட்டுக்குள் ஓட்டித் திரிவது பற்றி, முகாமில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம். இரண்டு முறை பேசியும் பார்த்தேன். முதல் முறை சிரித்தீர்கள். இரண்டாம் முறை, கோழிக் குழம்பில் உப்பு சரியா என்று பார்க்கச் சொல்லி என் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டீர்கள். ஆகவே மடல்.

போன ஆண்டு எட்டுப் பேரிடமும் டேக், அதாவது மான் சுட அனுமதிச் சீட்டு, இருந்தது. மே மாதமே விண்ணப்பித்து, குலுக்கலில் பெயர் வருமா என்று காத்திருந்து வாங்கிய டேக். ஐந்து நாள் முடிவில் கிடைத்தது ஒரே ஒரு ஆண் மான். ஒவ்வொரு மாலையும் முகாமுக்குத் திரும்பியவர்கள் சொன்னது ஒரே வசனம்: "காட்டில் மானே இல்லை, அண்ணாச்சி." ஓநாய் தின்றுவிட்டது, மலைச்சிங்கம் தின்றுவிட்டது, வனவிலங்குத் துறை கணக்குப் பார்க்காமல் டேக் கொடுத்துவிட்டது என்று காரணங்களும் வந்தன. கிழக்கு ஓரிகனில் மியூல் மான்களின் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாகக் குறைந்து வருவது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலையில் நான் பார்த்ததை உங்களிடம் இதுவரை சொல்லவில்லை.

அன்று நான் நான்கு மணிக்கே நடக்கத் தொடங்கி, ஐந்தரைக்கு அந்தச் சின்னப் புல்வெளிக்கு மேலே ஒரு பொண்டரோசா பைன் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். புல்லெல்லாம் உறைபனி. வெளிச்சம் லேசாகக் கசியத் தொடங்கியபோது கீழே ஒரு பெண் மானும், புள்ளி மறைந்துவிட்ட இரண்டு குட்டிகளும் பிட்டர்பிரஷ் புதரைக் கடித்துக்கொண்டிருந்தன. கோவேறு கழுதைக்கு இருப்பது போன்ற காது என்பதால்தான் அந்த மானுக்கு மியூல் என்று பெயரே வந்தது. அந்தக் காதில் ஒன்று சட்டென்று பின்னால் திரும்பியது. மற்றொன்று முன்னாலேயே நின்றது. மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. ஒரு குச்சி பாதி வாய்க்குள்ளும் பாதி வெளியிலுமாக அப்படியே தொங்கியது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் பத்துப் பதினைந்து வரை எண்ணியிருப்பேன், அதன் பிறகுதான் மேட்டுக்கு அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் என் காதுக்கு வந்தது.

அது ஓடும் என்று எதிர்பார்த்தேன். மியூல் மான் பயந்தால் நான்கு கால்களையும் ஒன்றாக ஊன்றி ரப்பர் பந்து போலத் துள்ளிப் போவதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். இது ஓடவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு, அவசரமே இல்லாமல், பக்கத்தில் நெருக்கமாக வளர்ந்திருந்த இளம் ஃபிர் மரக் கூட்டத்துக்குள் நடந்து போனது. குட்டிகள் அதன் வாலைப் பிடித்தது போலப் பின்னால் போயின. மூன்றும் படுத்துவிட்டன. ஏ.டி.வி. வந்தது. புல்வெளி ஓரத்தில் நின்றது. எஞ்சினை அணைத்து, தொலைநோக்கியை எடுத்து, மூன்று நிமிடம் எதிர்ச் சரிவை அலசிப் பார்த்துவிட்டு, மறுபடி கிளப்பிக்கொண்டு போய்விட்டது. அந்த மான்கள் படுத்திருந்த இடம் வண்டியிலிருந்து நாற்பது அடி தூரம்கூட இருக்காது.

ஓட்டியது நம்மில் யார் என்று எழுதப் போவதில்லை. அன்று மாலை அவரும் சொன்னார், மானே இல்லை என்று.

பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். அவை எழவில்லை. மாலை ஐந்துக்குத் திரும்பிப் போய் மறுபடி உட்கார்ந்தேன். சூரியன் மறைந்து அரை மணி கழிந்து, சுடுவதற்குச் சட்டம் தந்த நேரமும் முடிந்து, நான் துப்பாக்கியிலிருந்து தோட்டாவைக் கழற்றிய பிறகு மூன்று நிழல்கள் புல்வெளிக்கு வந்தன. காலையில் பார்த்த அதே மூன்றுதான் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் எண்ணிக்கையும் இடமும் பொருந்தியது.

இது ஒரு கிழவனின் ஒரு நாள் அனுபவம்தானே என்பீர்கள். நாம் முகாம் போடும் இடத்துக்கு அருகிலேயே, லா கிராண்ட் ஊருக்குத் தென்மேற்கே, ஸ்டார்கி என்ற ஆய்வுக்காடு இருக்கிறது. சுமார் 40 சதுர மைல் காட்டைச் சுற்றி எட்டு அடி உயரத்துக்கு வேலி போட்டு, உள்ளே மியூல் மான், எல்க் என்ற பெரிய மான், மாடு ஆகியவற்றை ஒன்றாக விட்டு, கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டிப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். ஏ.டி.வி., மலை சைக்கிள், குதிரை, நடந்து போகும் ஆள் ஆகிய நான்கையும் தனித்தனியாக அனுப்பி விலங்குகள் என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். எல்க் விஷயத்தில் விடை தெளிவாக இருந்தது: ஏ.டி.வி. போனபோதுதான் அவை அதிகம் அலைந்தன, மேய்ச்சல் நேரம் குறைந்தது. பின்னாளில் வெளிவந்த ஆய்வு, அவை தடங்களை விட்டு விலகியே இருந்தன, ஏ.டி.வி. ஓடும்போது மிகத் தொலைவில் இருந்தன என்று காட்டியது.

மியூல் மான் என்ன செய்தது? அளக்கும்படியாக எதுவும் செய்யவில்லை. அதன் நடமாட்ட வேகம் பெரிதாக மாறவில்லை. "பார்த்தீர்களா, மானுக்கு ஏ.டி.வி. ஒரு பொருட்டே இல்லை" என்று உங்களில் ஒருவர் போன ஆண்டு இதைத்தான் ஆதாரமாகக் காட்டினார். ஆய்வாளர்கள் அப்படி முடித்துவிடவில்லை. ஓடாமல், பக்கத்திலுள்ள அடர்ந்த மறைவுக்குள் ஒதுங்கியிருக்கலாம், அந்தச் சின்ன நகர்வு ரேடியோப் பட்டைக் கணக்கில் பிடிபடாமல் போயிருக்கலாம் என்று எழுதினார்கள். நான் பைன் மரத்தடியில் பார்த்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கொலராடோவில் 1986-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மியூல் மான்கள் பனி வண்டியைவிட நடந்து வரும் மனிதனைக் கண்டுதான் அதிகம் மிரண்டன, ஓடியதும் அதிகம் என்று காட்டியது. பண்ணை வண்டிகள் தினமும் போகும் சாலையோரம் மான் தலையைக்கூட நிமிர்த்தாது என்று நீங்கள் சொல்வதும் சரி. ஒரே தடம், ஒரே வேகம், நிற்காமல் போகும் வண்டி என்றால் மான் அதைப் பழகிக்கொள்கிறது. ஆனால் வேட்டைக்காரனின் ஏ.டி.வி. அப்படியா ஓடுகிறது? ஓடும், நிற்கும், எஞ்சின் அணையும், ஆள் இறங்குவான், துப்பாக்கி உறையிலிருந்து வரும், மறுபடி கிளம்பும், தடத்தை விட்டு விலகிச் சரிவில் ஏறும். நேற்று கிழக்கே, இன்று மேற்கே. பழகிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

இதற்கும் ஒரு சோதனை உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டாவில் சில பெண் மியூல் மான்களை ஏ.டி.வி.யால் நாளுக்குச் சில நிமிடம் வீதம் சில நாட்கள் வேண்டுமென்றே துரத்திப் பார்த்தார்கள். முடிவு 1988-இல் வெளியானது. துரத்தப்பட்டவை மேய்ச்சலை இருட்டு நேரத்துக்கு மாற்றிக்கொண்டன. மறைவிடங்களிலேயே அதிகம் தங்கின, வழக்கமான வாழிடத்தை விட்டு அடிக்கடி வெளியேறின. அடுத்த ஆண்டு அவை ஈன்ற குட்டிகளும் குறைந்தன. நாம் யாரும் மானைத் துரத்துவதில்லை, அது சட்டப்படியும் குற்றம். ஆனால் நாம் துரத்தவில்லை என்பது மானுக்கு எப்படித் தெரியும்?

இருட்டுக்கு மாறுவது என்பதை மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்புவரைதான் நாம் சுடலாம். மான் தன் நாளைச் சில மணி நேரம் தள்ளிப்போட்டுக்கொண்டால் போதும், அது நமக்கு இல்லாமலே போய்விடுகிறது. காடு நிறைய மான் இருக்கும். டேக் வைத்திருப்பவனுக்கு ஒன்றும் இருக்காது. அக்டோபர் என்பது அவற்றுக்குக் குளிர்காலக் கொழுப்பு சேர்க்கும் மாதம். அடுத்த மாதம் இணை சேரும் பருவம். பகல் முழுக்கப் புதருக்குள் படுத்துக் கிடந்தால் அந்த மேய்ச்சலை எங்கே ஈடுகட்டும்?

ஊரில் காட்டுப்பன்றி தோட்டத்துக்குள் புகுந்தால் தகரம் தட்டிக் கலைப்பார்கள். தினைப்புனத்தில் தட்டை தட்டிக் கிளி விரட்டிய மரபு நம்முடையது. சத்தத்தால் விலங்கை நகர்த்துவது நமக்குப் புதிதல்ல. அதில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒருவன் இந்தப் பக்கம் தட்டுவான், எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் வழி விட்டிருப்பார்கள். நாம் எட்டுப் பேரும் எட்டுத் திக்கிலும் தகரம் தட்டிவிட்டு, எட்டுப் பேருமே மான் வரக் காத்திருக்கிறோம்.

நடப்பவனுக்கும் மான் மிரளும் என்றேன். ஆனால் நடப்பவன் மேட்டு நிலத்தில் ஒரு காலையில் எத்தனை கிலோமீட்டர் போவான்? நான்கு, மிஞ்சினால் ஐந்து. ஏ.டி.வி.யில் அதே நேரத்தில் நாற்பது. ஒரு மலை முகட்டுக்கு ஓர் ஆள் என்றிருந்தது, ஓர் ஆளுக்குப் பத்து முகடு என்றாகிவிட்டது. சத்தம் போய்ச்சேராத பள்ளத்தாக்கு என்று ஒன்று முன்பு இருந்தது. மானுக்கு ஒதுங்க ஓர் இடம், நமக்கு மறுநாள் போக ஓர் இடம். இப்போது எல்க் கூட்டங்கள் வேட்டை தொடங்கியதும் பொதுக்காட்டை விட்டுத் தனியார் பண்ணைகளுக்கு இறங்கிவிடுகின்றன. வேலிக்கு வெளியே நின்று அவற்றைத் தொலைநோக்கியில் பார்த்துப் பெருமூச்சு விட்டது நினைவிருக்கிறதா?

சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லாதீர்கள். தேசிய வனங்களில் வண்டி எங்கே போகலாம் என்று வரைபடம் போட வேண்டும் என்ற விதி 2005-இலேயே வந்தது. நாம் போகும் வாலோவா-விட்மன் வனத்துக்கான திட்டத்தை 2012 மார்ச்சில் அறிவித்தார்கள். உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வேட்டைப் பருவத்தில் சில பகுதிகளில் பச்சைப் பிரதிபலிப்பான் வைத்த சாலைகள் மட்டும் திறந்திருக்கின்றன. அவற்றை நாம் மதிக்கிறோம், அதில் குறையில்லை. மற்ற இடங்களில் போகலாம் என்பதற்காகவே போய்க்கொண்டிருக்கிறோம். அந்த எதிர்ப்புக் கூட்டங்களில் நானும் கைதட்டியவன். அன்று என் முழங்கால் வலியை மட்டும் நினைத்தேன்.

முழங்கால் என்றதும் ஒன்று. நடக்க முடியாதவர்களுக்கு மாநிலம் தனி அனுமதிச் சீட்டு வைத்திருக்கிறது. அது நியாயமானது, அவர்களை நோக்கி இந்த மடலில் ஒரு சொல்லும் இல்லை. வார இறுதியில் ஹாஃப் மாரத்தான் ஓடிப் படம் போடும் தம்பிகளுக்குத்தான் சொல்கிறேன்.

வண்டியை விற்கச் சொல்லவில்லை. தண்ணீரும் விறகும் முகாமுக்குக் கொண்டுவர அது வேண்டும். விடிவதற்கு ஒன்றரை மணி முன்பே கிளம்பி, முதன்மைத் தடத்தில் மட்டும் ஓட்டி, உட்காரப்போகும் இடத்துக்கு ஒரு மைல் முன்னாலேயே நிறுத்திவிட்டு நடந்தால் போதும். தினமும் அதே தடம், அதே நேரம், அதே இடம். பத்து மணிக்கு அலுத்துப்போய் "சும்மா ஒரு ரவுண்டு" போவதுதான் பெரிய கேடு. அந்த ஒரு ரவுண்டில் எட்டுப் பேரின் மாலை வேட்டையும் போய்விடுகிறது. மான் விழுந்தால் எப்படிக் கொண்டுவருவது என்பீர்கள். எலும்பு நீக்கினால் இறைச்சி முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின். நான்கு பேர் முதுகில் ஏற்றினால் ஒரே நடை. போன ஆண்டு அந்த ஒரு மானைக் கொண்டுவர மூன்று வண்டிகள் போயின, ஒன்று சேற்றில் மாட்டி, அதை இழுக்க மற்ற இரண்டுக்கும் இரண்டு மணி நேரம் ஆனது என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

இந்த ஆண்டும் எனக்கு டேக் வந்திருக்கிறது. உங்களில் ஐந்து பேருக்கு வந்திருப்பதாகக் கேள்வி. வேட்டை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே போய்க் கூடாரம் அடித்துவிடுவேன். சமையல் கூடாரக் கம்பத்தில் ஏழு கொக்கி மாட்டிவைக்கிறேன், சாவிகளுக்கு. முதல் நாள் நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவேன், யாருக்காகவும் காத்திருக்கமாட்டேன். காபி பிளாஸ்கில் இருக்கும். குடிக்க பிளாஸ்டிக் குவளை கொண்டுவாருங்கள். போன முறை கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர்கள் பையில் கிணுகிணுத்தது கீழ்ப் பள்ளத்தாக்குவரை கேட்டது.

உங்கள்
அண்ணாச்சி